தண்ணீருக்கு இஸ்திரி போட்டவள்

மதகுப் பாலத்தில் அன்றைக்கு ஆளே இல்லை, இஸ்திரிதான் தன் அண்ணனைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி இன்ஜினியர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டாள் என்று தெருவில் பேச்சு. தையற்கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், தலையைக் கல்யாண ஆல்பத்திலிருந்தும், காலை யாரோ ஓட்டப்பந்தய வீரனிடமிருந்தும் எடுத்தாள் என்கிறார். சாவி செய்கிறவர், வாயில் இருந்த விசிலைக்கூட அவள்தான் வரைந்தாள் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். இரண்டு பேருக்கும் அவள் வேலை செய்யும் போட்டோ ஸ்டூடியோவின் இரு பக்கமும் கடை. சுவரில் காதை வைத்தே பாதி ஆயுளைக் கழித்தவர்கள். ஆனாலும் இந்த விஷயத்தில் காதில் விழுந்தது அரை, வாயில் வந்தது ஒன்றரை. முழுசாக நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இஸ்திரி என்பது பட்டப்பெயர். அவள் தேய்ப்பது துணியை இல்லை, முகத்தை. இருபத்திரண்டு வருஷமாக அந்த மாடி ஸ்டூடியோவில் கறுப்புத் திரைக்குப் பின்னால், செருப்பு அட்டைப்பெட்டியை வெட்டி, வெளிச்சம் அடிக்காமல் மானிட்டருக்கு மறைப்புக் கட்டிய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஊரில் உள்ளவர்களின் சுருக்கம், பரு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் நீவி விடுகிறாள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. சாஃப்ட்வேரில் இருக்கிற இங்கிலீஷ் அவளுக்குப் படிக்க வராது, இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். மேல் வரிசையில் இடமிருந்து நாலாவது, அதற்குள் கீழிருந்து மூணாவது என்று விரல் தானாகப் போகும். புது வெர்ஷன் போடலாமா என்று யாராவது வாயைத் திறந்தால், அடுப்பங்கரையை இடித்துக் கட்டலாமா என்று கேட்ட மாதிரி முறைப்பாள்.

ஒரு தடவை அண்ணியின் கன்னத்தையும் இப்படித்தான் நீவிவிட்டாள். குடும்பப் படம், பாசத்தில் செய்தது. "என் மூஞ்சியில என்ன குறை கண்டே?" என்று கேட்ட அண்ணி அதற்கப்புறம் ஆறு மாசம் பேசவில்லை.

அந்த அண்ணிதான் ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு ஸ்டூடியோ படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உங்க அண்ணன் வேலை இன்னிக்குப் போயிடும்" என்றாள். "உங்க ஸ்டூடியோ படத்தைக் காட்டித்தான் போகப் போகுது."

இஸ்திரியின் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

அண்ணன் ஆற்று மதகில் காவலர். ஆரஞ்சு கோட்டு, கழுத்தில் விசில், கையில் சிவப்புக் கொடி. தண்ணீர் திறந்துவிடும் முன்னால் பாலத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, விசில் ஊதி, கீழே இருக்கிறவர்களை விரட்ட வேண்டும். அதுதான் வேலை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, புதிதாகப் போட்ட கதவுகளை முதல் தடவையாகத் திறந்தார்கள். அன்றைக்கு வளைவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் ஆற்றில் வேனை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தான். பாட்டு வேறு போட்டிருந்தான். தண்ணீர் வந்து வேனை உருட்டியது. ஆள் காலை ஒடித்துக்கொண்டு பிழைத்தான். சைரன் ஒலிக்கவில்லை, விசில் சத்தமும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தான்.

சைரன் சாவி மேற்பார்வையாளரிடம். அவருக்கு ஊரே மீசை என்றுதான் பெயர் வைத்திருந்தது. சைரன் பழுது என்றார் மீசை. "அதனாலதான் காவலாளி ஓடணும். ஆனா அவன் அங்க இல்லவே இல்லை சார். நான்தான் நின்னேன்" என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அண்ணனைக் கேட்டால், "ஓடினேன் சார்" என்று இரண்டே வார்த்தை. அதற்கு மேல் அவருக்குப் பேச வராது. பெண் பார்க்கப் போன இடத்திலேயே அவருக்குப் பதிலாகத் தங்கைதான் பேசினாள்.

"காலையில விசாரணை நடந்துச்சு" என்றாள் அண்ணி. "இன்ஜினியர் சுவரைக் காட்டினாராம். ஆறடிக்குக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்களே, உங்க முதலாளி எடுத்த மதகுப் படம். அதே நாள், அதே நேரம். மதகுக் கடிகாரம்கூட ஒன்பது நாற்பத்தொண்ணு காட்டுதாம். பாலத்துல மீசை மட்டும் நிக்கிறாரு. உங்க அண்ணன் இல்லை. 'இதுக்கு என்ன சொல்றே?'னு கேட்டிருக்காரு. இவரு என்ன சொன்னாரு தெரியுமா?"

"ஓடினேன் சார்."

"அதேதான்! மூணு மணிக்கு மறுபடி உக்காருறாங்க. அதுக்குள்ள ஏதாவது சாட்சி இருந்தா கொண்டு வரணுமாம். இல்லைன்னா கையெழுத்துப் போட்டு முடிச்சிடுவாங்க. நீதானே அந்தப் படத்தைப் பண்ணினே? சொல்லு. அவரு இருந்தாரா, இல்லையா?"

இஸ்திரி கடைசியாக அனுப்பிய படத்தைத் திறந்தாள். புதுக் கதவுகள். அவற்றின் வழியே இறங்கும் தண்ணீர், நுரை இல்லாமல், துளி இல்லாமல், பால் ஆடையை இழுத்து விரித்த மாதிரி. பாலத்தின் நடுவில் மீசை, கைப்பிடியில் சாய்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு. அவர் மீசையின் முறுக்குக்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. மிச்சப் பாலம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

துடைத்தது யார் என்று அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தண்ணீரை இப்படிப் பட்டாக்க இரண்டு வழி உண்டு. கேமரா கண்ணுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, கேமராவின் கண்ணை ரொம்ப நேரம் திறந்து வைப்பது ஒன்று. அன்றைக்கு முதலாளி ஆற்றங்கரையில் அந்தக் கண்ணாடியைத் தவறவிட்டுவிட்டார். ஆகவே இரண்டாவது வழி. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, இரண்டு விநாடிக்கு ஒன்றாக முப்பது படம். கேமராவைத் தானாக எடுக்கவிட்டு, அவர் புல்லில் முழங்கால் போட்டுக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அதனால் பாலத்தில் யார் ஓடினார்கள், யார் நின்றார்கள் என்று அவருக்குத் தெரியாது.

அந்த முப்பதையும் இஸ்திரி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சாஃப்ட்வேரை விட்டு ஒன்றாக அரைக்கச் சொல்வாள். மாவு மாதிரி. அசையாதது அப்படியே நிற்கும். கல் நிற்கும், சுவர் நிற்கும். அசைந்ததெல்லாம் ஒன்றோடொன்று கரைந்துபோகும். அலை கரையும், துளி கரையும். அப்புறம் தண்ணீர் ஓடுகிற திசையிலேயே மங்கல் பிரஷால் நாலு தடவை இழுத்தால் பட்டு.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் அரைத்து முடித்தபோது பாலத்தில், கைப்பிடி உயரத்துக்கு, நீளமாக ஓர் ஆரஞ்சு இழுவல் இருந்தது. எண்ணெய்க் கை பட்ட மாதிரி. கேமரா கண்ணாடியில் அழுக்கு, முதலாளி துடைக்காமல் எடுத்திருக்கிறார் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே அவள் அதைச் சுத்தமாக அழித்தாள். பக்கத்துக் கல்லை எடுத்து அதன்மேல் பூசி, தடம் தெரியாமல். அதில் அவள் கெட்டிக்காரி.

ஆரஞ்சு. அண்ணனின் கோட்டு நிறம்.

சும்மா நின்றவர் கடைந்தெடுத்த சிலை மாதிரி விழுந்திருக்கிறார். ஓடி ஓடி உயிரை விட்டவர் கறையாகிவிட்டார். அந்தக் கறையையும் கூடப் பிறந்தவளே துடைத்துவிட்டாள்.

"என்ன முழிக்கிறே? இருந்தாரா?" என்றாள் அண்ணி.

"இருந்தாரு."

"அப்ப படத்துல எங்கே?"

இஸ்திரிக்குத் தொண்டை வரை வந்தது. ஆனால் கன்னத்துக்கே ஆறு மாசம் பேசாதவள், புருஷனையே அழித்ததற்கு என்ன செய்வாள்? வந்ததை விழுங்கிவிட்டு, "ஓடுறவங்க இந்த மாதிரிப் படத்துல விழ மாட்டாங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

"அதை வந்து சொல்லேன் அங்க!"

"நான் சொன்னா எடுபடுமா? கூடப் பொறந்தவ. வாயால சொல்லி ஆகாது. அந்த முப்பது படமும் வேணும்."

"அப்போ எடு."

அங்கேதான் வந்தது சோதனை. வேலை முடிந்ததும் உதிரிப் படங்களை அழித்துவிடுவது இஸ்திரியின் பழக்கம். கம்ப்யூட்டரில் இடம் கிடையாது. வெள்ளிக்கிழமை தோறும் குப்பைத்தொட்டியையும் காலி செய்வாள். வீட்டைக்கூட அவள் அவ்வளவு சுத்தமாக வைத்துக்கொண்டதில்லை. கேமரா கார்டில் அதற்கப்புறம் இரண்டு கல்யாணமும் ஒரு பள்ளிக்கூடக் குழுப்படமும் ஏறிவிட்டன. முப்பது படமும் போன இடம் தெரியாது.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. ஜோடிப் படங்களுக்குப் பின்னால் அருவி வேண்டும் என்று கேட்கிறவர்கள் அதிகம். அதற்காகப் பட்டாக்கிய தண்ணீரையெல்லாம் 'தண்ணி' என்று ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்று முதல் ஏழு வரை. ஆனால் அங்கே வைக்கும்போதும் அடுக்குகளை ஒன்றாக நசுக்கி, ஒற்றைப் படமாக்கித்தான் வைப்பாள். இடம் மிச்சம்.

ஆறாம் தண்ணியைத் திறந்தாள். சட்டென்று திறந்தது. அப்படித் திறந்தாலே கெட்ட சகுனம், ஒற்றைப் படம். வேறு ஏதோ அருவி.

ஏழாவதைத் தட்டினாள். நீலக் கோடு ஒன்று தோன்றி, அரை விரல்கடை நகர்ந்து, அப்படியே நின்றது.

"நின்னுபோச்சா?"

"நிக்கலை. கனமா இருக்கு." இஸ்திரிக்குக் குரல் மாறியது. "கனமா இருந்தா நல்லது அண்ணி. நசுக்காம விட்டிருக்கேன்."

ஏன் நசுக்காமல் விட்டாள் என்பதும் நினைவுக்கு வந்தது. நசுக்கப் போகிற நேரத்தில்தான் போன் அடித்தது. அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று அண்ணி அழுத போன். அப்படியே மூடிவிட்டு ஓடினாள். எந்தப் போனை ஏன் எடுத்தோம் என்று அன்றைக்கு நொந்துகொண்டாளோ அதே போன்தான் இன்றைக்கு அந்தக் கோட்டை நகர்த்திக்கொண்டிருந்தது.

பழைய டப்பா. சூடானால் பாதியில் படுத்துவிடும். இஸ்திரி மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி, குழந்தைக்கு ஜுரம் பார்ப்பது போல அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அண்ணி வாசலுக்கும் திரைக்குமாக நடந்தாள். நடக்காதீங்க, தரை அதிருது என்றதும் நின்றாள். பதினெட்டு நிமிஷம். கோடு நிறைந்தது, திரை கண்ணைத் திறந்தது.

வலது ஓரத்தில் அடுக்குகள். ஒன்று, இரண்டு, மூன்று... முப்பது. இஸ்திரி முதல் படத்தை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் மறைத்தாள். பாலத்தின் இடது கோடியில், தொப்பை முன்னால் வர, வாயில் விசிலோடு அண்ணன்.

அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதைப் பிரிண்ட் போடு. கிளம்பலாம்."

"பிரிண்ட் ஆகாது. ஒட்டினதுன்னு சொல்லிடுவாங்க. அடுக்கோட காட்டணும், அவங்க கண்ணு முன்னாலேயே." இஸ்திரி எழுந்தாள். "டப்பாவையே தூக்கிட்டுப் போகணும்."

அப்போதுதான் முதலாளி மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் தேய்க்காத படம் மாதிரி ஆகிவிட்டது.

"இது வெளியே போகக் கூடாது" என்றார். "அது ஒரே ஷாட்டுன்னு இன்ஜினியர்கிட்ட சொல்லியிருக்கேன். கறுப்புக் கண்ணாடி போட்டு எடுத்ததுன்னு. அவரு எல்லார்கிட்டயும் சொல்லிப் பெருமைப்படுறாரு. நீ போய் அடுக்கைப் பிரிச்சுக் காட்டினா என் மானம் என்ன ஆகிறது?"

"எங்க அண்ணன் வேலை சார்."

"உன் வேலை?"

இஸ்திரி இடுப்பிலிருந்த ஸ்டூடியோ சாவியை எடுத்து, சத்தம் வராமல் மேசையில் வைத்தாள். அப்புறம் குனிந்து பின்பக்க ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். முதலாளி வாயைத் திறந்தார். அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

டப்பாவோடு ஏற முடியாமல் இரண்டு பஸ்ஸை விட்டு, ஒருவழியாக ஒன்றரை மணிக்கு ஏறிய பஸ்ஸில் இஸ்திரி மடியில் டப்பா. அண்ணி மடியில், கறுப்புத் திரையைச் சுற்றின மானிட்டர். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "குழந்தைக்கு என்ன வயசு?" என்றார். "மூச்சு விடாதீங்க, முழிச்சுக்கும்" என்றாள் அண்ணி. இஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் டப்பாவுக்குள் ஏதோ கடகடவென்றது. காலையில் அந்தச் சத்தம் இருந்ததா என்று அவள் யோசித்துக்கொண்டே வந்தாள்.

நீர்த்துறை அலுவலகத்தில் மூன்றாவது மாடி. லிஃப்டில் ஒரு நாற்காலி போட்டு 'வேலை செய்யவில்லை' என்று எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள் உள்ளே நுழைந்தபோது மூன்று அடித்து ஐந்து நிமிஷம். நீள மேசை. தலைமாட்டில் இன்ஜினியர், அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க அந்தப் படம். ஒரு பக்கம் மீசை. இன்னொரு பக்கம் அண்ணன், கைகளைத் தொடைக்கு நடுவில் சொருகிக்கொண்டு. தங்கையைப் பார்த்ததும் பாதி எழுந்து, எழலாமா என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"யாரும்மா நீங்க? இது என்ன?"

"சார், அந்தப் படத்தைப் பண்ணினவ நான்தான். சாட்சி இந்த டப்பாக்குள்ள இருக்கு. பதினெட்டு நிமிஷம் குடுத்தீங்கன்னா திறந்து காட்டிடுறேன்."

இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணரைக்கு எனக்கு வேற மீட்டிங். பதினஞ்சு நிமிஷம்."

பிளக் தேடவே இரண்டு நிமிஷம் போயிற்று. ஏழாம் தண்ணியைத் தட்டினாள். நீலக் கோடு தோன்றியது. அதோடு சரி. உள்ளே கடகட. இஸ்திரி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், பஸ் வெயிலில் ஏற்கெனவே சூடு. விசிறியைக் கொண்டுவராததற்குத் தன்னையே திட்டிக்கொண்டு, மேசையில் இருந்த ஓர் அட்டைக் கோப்பை எடுத்து விசிறத் தொடங்கினாள்.

"அது விசாரணைக் கோப்பு" என்றார் மீசை.

"காத்து வரட்டும் சார், உள்ள இருக்கிறதைப் படிக்கலை."

கோடு கால்வாசி. அரைவாசி. மீசை நாற்காலியில் சாய்ந்து, "சார், கம்ப்யூட்டர்ல இன்னிக்கு யாரை வேணும்னாலும் எங்க வேணும்னாலும் வைக்கலாம். தங்கச்சி வேற" என்று சிரித்தார். இன்ஜினியர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. பதினைந்து நிமிஷம் ஆனதும் பேனாவை மூடிப் பைக்குள் சொருகினார். கோடு முக்கால்வாசியைத் தாண்டியிருந்தது.

"நேரம் ஆச்சும்மா."

கதவு பக்கம் திரும்பினால், குறுக்கே நாற்காலி போட்டு, இரண்டு காலையும் நீட்டி, அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிக்கணும் சார், மூணு மாடி ஏறினதுல முழங்கால் பிடிச்சுக்கிச்சு. மடக்க வரலை. கொஞ்சம் பொறுங்க, தானா விடும்."

"எவ்வளவு நேரம்?"

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கோட்டைப் பார்த்தாள்.

"அஞ்சு நிமிஷம் சார், எப்பவும் அஞ்சு நிமிஷத்துல விட்டுடும்."

இன்ஜினியர் நின்றபடியே இருந்தார். அறையில் கோப்பு விசிறும் சத்தமும் டப்பாவின் கடகடவும்தான். திடீரென்று கடகட நின்றது. கறுப்பாக ஒரு விநாடி. அடுத்த விநாடி, திரையில் பட்டுத் தண்ணீர்.

"இது சுவர்ல இருக்கிற படம்" என்றாள். விரல் தானாகப் போனது. மேலே இடமிருந்து நாலாவது, கீழிருந்து மூணாவது. "இது ஒரு படம் இல்லை சார். முப்பது படம். அரைச்சு ஒண்ணாக்கினது. இப்ப பிரிக்கிறேன்."

முதல் படம். இடது கோடியில் அண்ணன். இரண்டாவது. நாலடி தள்ளி. மூன்றாவதில் கொடி மேலே. ஐந்தாவதில் கைப்பிடிக்கு வெளியே பாதி உடம்பு தொங்க, வளைவைப் பார்த்துக் கத்துகிறார். எட்டு, ஒன்பது, பத்து. ஆரஞ்சு கோட்டு பாலம் நெடுக ஓடியது. முகப்புக் கடிகாரத்தில் முள் நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் ஊர்ந்தது. அத்தனையிலும் மீசை நடுவில், அதே சாய்வு, அதே போன்.

இன்ஜினியர் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஒட்டினது சார்!" என்றார் மீசை. "எல்லாம் ஒட்டினது!"

இஸ்திரி பதில் சொல்லாமல் அடுத்ததைத் தட்டினாள். பதினேழாவது படம். அவளே அதை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். அண்ணன் மீசையின் பின்னால் நிற்கிறார். ஒரு கை மீசையின் தோளைப் பிடித்து உலுக்குகிறது, இன்னொரு கை சைரன் பெட்டியைக் காட்டுகிறது. முப்பது படத்தில் இந்த ஒன்றில் மட்டும் மீசை அசைந்திருந்தார். முகத்தைத் திருப்பி, எரிச்சலோடு, போனைக் காதிலிருந்து தள்ளி வைத்து. தோளில் அந்தக் கை அழுத்திய இடத்தில் சட்டை கசங்கியிருந்தது.

"இந்தக் கை யாருது?" என்றார் இன்ஜினியர்.

மீசை நாற்காலியை முன்னால் இழுத்துத் திரையைப் பார்த்தார்.

"நீங்க மட்டும்தான் நின்னீங்கன்னு காலையில சொன்னீங்க. தோள்ல இருக்கிற கை யாருது?"

மீசை தன் தோளையே ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார், இன்னும் அங்கே இருக்கிறதோ என்பது போல.

"அப்ப ஏன்மா சுவர்ல இருக்கிற படத்துல இந்த ஆள் துளிகூட இல்லை?" என்று இன்ஜினியர் இஸ்திரியிடம் திரும்பினார். "அரைச்சாலும் கொஞ்சமாவது இருக்கணுமே?"

இதற்குத்தான் அவள் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். சொல்லாமலும் தப்பித்திருக்கலாம். தெரியலை சார் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, கதவடியில் இருந்த அண்ணியையும் பார்க்கவில்லை. திருத்துவதற்கு முன்னால் அரைத்த அடுக்கைத் திறந்தாள். பாலத்தில் அந்த ஆரஞ்சு இழுவல்.

"இருந்தாரு சார். இதோ, இவ்வளவுதான். அழுக்குன்னு நினைச்சு நான்தான் துடைச்சுட்டேன்."

அண்ணன் எழுந்து வந்தார். திரையருகே குனிந்து, தன் இழுவலை, தான் ஓடிய பாலத்தை, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை விரலால் தடவினார். அப்புறம் இன்ஜினியரைப் பார்த்தார்.

"ஓடினேன் சார்" என்றார்.

"தெரியுது" என்றார் இன்ஜினியர். "நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க." மீசையை மட்டும் இருக்கச் சொன்னார். மற்றவர்கள் போகலாம் என்றதும் அண்ணியின் முழங்கால் அந்த நிமிஷமே சரியாகிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் டப்பா அண்ணன் மடியில். பக்கத்தில் உட்கார்ந்த அண்ணி ஜன்னலைப் பார்த்தபடி வெகுதூரம் வரை வாயைத் திறக்கவில்லை. ஆறு மாசமா, ஆறு வருஷமா என்று இஸ்திரி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இருபது வருஷமா நான் தேய்ச்சுப் பார்க்கிறேன்" என்றாள் அண்ணி கடைசியில். "போகாத கறை. நீ ஒரே நிமிஷத்துல எடுத்துட்டியே. என்ன சோப்பு?"

அண்ணன் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொப்பை குலுங்கச் சிரித்தார். இஸ்திரிக்குத்தான் அழுகை வந்தது.

முதலாளி நாலு நாள் முறுக்கிக்கொண்டு நின்றார். ஐந்தாம் நாள் ஒரு கல்யாண ஜோடி அருவி கேட்டு வந்தது. சாவியை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து, "அந்த ஏழாம் தண்ணியை எங்கே வெச்சிருக்கே?" என்று, வேறு எதுவும் நடக்காத மாதிரி கேட்டார்.

அவள் மறுபடி படியேறின அன்றைக்குத்தான் தையற்கடைக்காரர் ஊசியை உதட்டில் வைத்துக்கொண்டே வெளியே வந்தார். சாவிக்காரர் ரம்பத்தை நிறுத்தினார்.

"எங்ககிட்ட மட்டும் சொல்லும்மா இஸ்திரி" என்றார் தையற்காரர். "வெளியே போகாது. உங்க அண்ணனை எந்தப் படத்துலேர்ந்து எடுத்து ஒட்டினே?"

இஸ்திரி நாலாவது படியில் நின்று திரும்பினாள்.

"நான் ஒட்டலை. அழிச்சேன். அழிச்சதைத் திருப்பி எடுத்தேன், அவ்வளவுதான். ஒட்டியிருந்தா அந்தத் தொப்பையோடயா ஒட்டியிருப்பேன்?"